கையொப்பத்துக்கு முன் எண்: ஒரு பழம்நூலின் பழைய சொந்தக்காரர்களைத் தேடும் முறை

பழைய புத்தகம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, அட்டையைத் திறந்து யாருடைய பெயராவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். பெயர் இருந்தால் மகிழ்ச்சி. அது நாலு பேருக்குத் தெரிந்த பெயராக இருந்துவிட்டாலோ தேடலே அங்கு முடிந்துபோகிறது. இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்துக்கு எதிராக வாதாடுகிறது. ஒரு நூல் யார் யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்கப் பெயர்கள் உதவும். ஆனால் பெயரே இல்லாத சில்லறைத் தடயங்கள் பெரும்பாலும் அவற்றைவிட நல்ல சாட்சி: அலமாரி எண், பென்சிலில் கிறுக்கிய விலை, ஏலத்தில் ஒட்டிய சீட்டின் மிச்சம், பைண்டர் ஓரம் வெட்டியதில் பாதி போன ஒரு குறிப்பு. காரணம் எளிது. பெயர் பிறர் பார்ப்பதற்காக எழுதப்படுகிறது. புத்தகத்தின் விலையை ஏற்றுகிறது. அதனால் அதைப் பொய்யாகச் சேர்ப்பதற்கும், சங்கடமாக இருந்தால் சுரண்டி எடுப்பதற்கும் ஆள் உண்டு. அலமாரி எண்ணைப் போட்டவரோ அன்றைய வேலையை முடிப்பதற்காகப் போட்டார். அதில் பொய் சொல்லி யாருக்கும் காலணா லாபமில்லை.

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் நூல்கள் இதற்கு நல்ல சான்று. 1815-இல் அவர் தம்முடைய 6,487 தொகுதிகளை 23,950 டாலருக்கு அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்கு விற்றார். 1851-இல் நடந்த தீவிபத்தில் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எரிந்துபோயின. விற்ற கையோடு தமக்கென்று மறுபடி வாங்கத் தொடங்கிய ஜெஃபர்சன் 1826-இல் இறந்தார்; கடன் சுமையில் இருந்த குடும்பம் 1829-இல் அந்தப் புதிய நூலகத்தையும் வாஷிங்டனில் ஏலம் விட்டது. புத்தகங்கள் சிதறின. அவற்றை இன்று அடையாளம் காண உதவுவது முதல் பக்கத்துக் கையொப்பம் இல்லை. அக்கால அச்சகத்தார், மடித்த தாள்கள் வரிசை மாறாமல் இருக்க, ஒவ்வொரு மடிப்பின் முதல் பக்கத்து அடியிலும் ரோமன் அகரவரிசைப்படி ஓர் எழுத்தை அச்சிடுவார்கள். அந்த வரிசையில் ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஐ அச்சான மடிப்பு வந்தால் ஜெஃபர்சன் அதற்கு முன்னால் மையில் ஒரு டி எழுதிவிடுவார். டி அச்சான மடிப்பு வந்தால் அதற்குப் பின்னால் ஜே-க்குரிய எழுத்தைச் சேர்ப்பார். அவருடைய பெயரின் முதலெழுத்து இரண்டும் கிடைத்துவிடும். புத்தகத்தின் நடுவில், பக்கத்தின் அடியில், அச்செழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் குறியைச் சும்மா புரட்டுகிறவர் கண்டுகொள்ள மாட்டார். தலைப்புப் பக்கத்தைக் கிழித்தாலும், அட்டையை மாற்றினாலும், முகப்பில் இருக்கும் பெயர்களையெல்லாம் சுரண்டினாலும் இது தப்பித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜெஃபர்சனின் குறி அவருடைய முதலெழுத்துகள். அதற்காவது ஒரு முகம் இருக்கிறது. வெறும் எண் ஊமை. 4521 என்ற எண் ஆயிரம் நூலகங்களில் ஆயிரம் புத்தகங்களில் இருக்கும்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த எண்ணுக்கு நூலுக்கு வெளியே ஒரு துணை உண்டு என்பதை அது மறந்துவிடுகிறது. எண் போட்டவர் எங்கோ ஒரு பதிவேட்டிலும் அதே எண்ணை எழுதினார். எழுதாவிட்டால் எண் போடுவதற்கே பொருளில்லை. இங்கிலாந்தில் மிடில்ஹில் மாளிகையில் இருந்த தாமஸ் பிலிப்ஸ் 1872-இல் இறக்கும்வரை பல பத்தாயிரம் கையெழுத்துச் சுவடிகளை வாங்கிக் குவித்தவர். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அந்த வரிசையில் ஒரு பட்டியலைத் தாமே அச்சிட்டார். அவருடைய சேகரிப்பு விற்றுத் தீர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று ஏதோ ஒரு நாட்டில் ஒரு சுவடியின் முதுகில் சிறு சீட்டில் அந்த எண் தெரிந்தால், பட்டியலைப் புரட்டி அது எது என்றும், பல சமயம் அவர் யாரிடம் வாங்கினார் என்றும் சொல்லிவிடலாம். எண் ஒரு கேள்வி. விடை வேறொரு தாளில் இருக்கிறது. அந்தத் தாளைத் தேடுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

ஜெஃபர்சன் கதையிலும் இரண்டு முனையும் சந்தித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவருடைய பேத்தியின் கணவர், பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் கூலிட்ஜ், 1829 ஏலத்தில் நூல்கள் வாங்குவதில் அக்கறை காட்டினார் என்பது குடும்பக் கடிதங்களால் தெரிந்திருந்தது. வாங்கியவை எங்கே போயின என்பதுதான் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தின் நூல்கள் 1880-இல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகப் போன செய்தியை ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ இல்லத்து ஆய்வாளர்கள் பழைய தாள்களிலிருந்து தோண்டியெடுத்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் கூலிட்ஜ் சேகரிப்பைப் பரிசோதித்தபோது மடிப்பெழுத்துகளுக்குப் பக்கத்தில் அந்தக் குறிகள் இருந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் ஜெஃபர்சனுடையவை என்று 2011-இல் அறிவித்தார்கள். 130 ஆண்டுகளாக அவை அலமாரியில்தான் இருந்தன; யாரும் ஒளித்துவைக்கவில்லை. கடிதம் மட்டும் இருந்திருந்தால் இது ஊகமாகவே நின்றிருக்கும். குறி மட்டும் இருந்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

இரண்டாவது மறுப்பு கையெழுத்து ஆய்வாளர்களிடமிருந்து வரும். பெயர் பொய்யாக இருக்கலாம், ஆனால் ஒருவருடைய கையெழுத்தை அறிந்தவர் ஒப்பிட்டு உறுதிசெய்துவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும் என்பார்கள். இதற்கு விடை கோப்பர்நிக்கஸின் நூலில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட அவருடைய பெருநூல் 1543-இல் நூரம்பர்க்கில் அச்சானது. அதை யாருமே படிக்கவில்லை என்று ஆர்தர் கோஸ்ட்லர் 1959-இல் எழுதினார். வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கரிச் 1970-இல் எடின்பரோ வானாய்வகத்தில் ஒரு பிரதியைப் பார்த்தபோது அதன் ஓரங்கள் முதலிலிருந்து கடைசிவரை குறிப்புகளால் நிறைந்திருந்தன. அட்டைத் தோலில் அழுத்தியிருந்த சில முதலெழுத்துகள் விட்டன்பர்க் பேராசிரியர் எராஸ்மஸ் ரைன்ஹோல்டிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. அதற்குப் பிறகு உலகெங்கும் முதல் இரண்டு பதிப்புகளின் பிரதிகளைத் தேடித்தேடிப் பார்த்தார். சுமார் 600 பிரதிகளின் விவரம் 2002-இல் தொகுப்பாக வெளிவந்தது. யார் படித்தார்கள் என்ற கேள்விக்கு விடை ஓரங்களில்தான் கிடைத்தது.

அதே தேடலில்தான் பெயரின் ஆபத்தும் வெளிப்பட்டது. பிராகாவிலுள்ள ஒரு பிரதியின் ஓரக்குறிப்புகள் டென்மார்க்கின் மாபெரும் வானியலாளர் டீக்கோ பிராகே எழுதியவை என்று கருதி, 1971-இல் அதை நிழற்படப் பதிப்பாகவே வெளியிட்டார்கள். அதே கை வத்திக்கான் பிரதியிலும் தென்பட்டபோது அறிஞர் உலகம் பரபரப்படைந்தது. டீக்கோவின் பிரபஞ்ச அமைப்பு உருவான விதம் அதில் இருக்கிறது என்று நினைத்தார்கள். பின்னர் அதே கை இன்னும் சில பிரதிகளிலும் வெளிப்பட, கிங்கரிச்சும் ராபர்ட் வெஸ்ட்மனும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் அது பால் விட்டிஷ் என்ற, வெளியே அதிகம் தெரியாத கணித அறிஞரின் கை என்று காட்டினார்கள். 1580-இல் டீக்கோவின் தீவில் வந்து தங்கிய விட்டிஷ் 1586-இல் இறந்துவிட்டார். அவருடைய நூல்களைப் பெறுவதற்கு டீக்கோ பல ஆண்டுகள் முயன்றார். ஆக, ஒரு நூலில் எழுதியவர் ஒருவர், அதை அடைய ஆசைப்பட்டவர் இன்னொருவர். கையெழுத்து ஒப்பீடு, கை யாருடையது என்பதற்குச் சான்று தரும். உடைமை யாருடையது என்பதற்குத் தராது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தேர்ந்த அறிஞர்கள்கூட முதலில் பெரிய பெயரிடம்தான் போய் நின்றார்கள். புகழ் அப்படி இழுக்கும். விட்டிஷைக் காட்டிக்கொடுத்தது பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பொறுமை.

இந்த இழுப்பைத்தான் மோசடிக்காரர்கள் விற்பனைப் பொருளாக்குகிறார்கள். கலிலியோ 1610-இல் வெனிஸில் அச்சிட்ட, நிலவின் மலைகளையும் வியாழனின் துணைக்கோள்களையும் அறிவித்த சிறுநூலின் ஒரு பிரதி 2005-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வந்தது. கலிலியோவின் கையொப்பம், நிலவின் வண்ணப் படங்கள், அவருடைய நண்பர் ஃபெடரிக்கோ செசியின் நூலக முத்திரை எல்லாம் அதில் இருந்தன. ஜெர்மானிய அறிஞர் குழு ஒன்று அதைச் சோதித்து உண்மை என்று நூலே எழுதிவிட்டது. நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியர் செசி நூலகத்தின் உண்மையான முத்திரைகளோடு ஒப்பிட்டபோது இந்த முத்திரை ஒத்துப்போகவில்லை. அங்கே தொடங்கிய சந்தேகம் 2012-இல் முழு நூலுமே போலி என்பதில் முடிந்தது. இதன் பின்னணியில் இருந்தவர் நேப்பிள்ஸின் ஜிரோலமினி நூலகத்துக்கு இயக்குநராகவும் ஆகி, அங்கிருந்து நூல்களைக் கடத்திய குற்றத்துக்காகச் சிறைசென்றவர். முத்திரையையும் போலியாகச் செய்தார்களே, அப்படியானால் உங்கள் சில்லறைத் தடயம் மட்டும் எப்படிப் பாதுகாப்பு என்று இங்கே கேட்கலாம். பாதுகாப்பு அதன் சுற்றத்தில் இருக்கிறது. ஒரு கையொப்பத்தைத் தனியாக நின்றே நம்பவைத்துவிடலாம். நூலக முத்திரையோ அதே நூலகத்தின் மற்ற நூல்களிலுள்ள முத்திரையோடு வடிவிலும் அளவிலும் மையிலும், அது இடப்படும் இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். போலி அங்கேதான் பிடிபட்டது.

போலியைப் போலவே களவையும் சில்லறைத் தடயம் காட்டிக்கொடுக்கும். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623-இல் முதன்முதலாகத் தொகுதியாக வந்தன. அதில் ஒரு பிரதி டர்ஹாம் நகரில் ஆயர் ஜான் கோசின் நிறுவிய நூலகத்தில் இருந்தது. 1998 டிசம்பரில் திருடு போயிற்று. பத்தாண்டு கழித்து ஒருவர் அதை வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்துக்கே எடுத்துவந்து, இது உண்மைப் பிரதிதானா என்று கேட்டார். அட்டை இல்லை, தலைப்புத் தாள் இல்லை, கடைசித் தாள் இல்லை. பெயர் சொல்லக்கூடிய இடங்களையெல்லாம் கத்தி பார்த்துக்கொண்டது. ஆனால் தாளின் அளவை யாராலும் மாற்ற முடியவில்லை. அது முன்பே பதிவாகியிருந்தது. அந்தத் தொகுதியின் அச்சிட்ட பொருளடக்கத்தில் ஒரு நாடகத்தின் பெயர் விட்டுப்போயிருக்கும். அதை அந்தப் பிரதியில் யாரோ ஒரு பழைய வாசகர் கையால் சேர்த்திருந்தார். இந்த இரண்டும் சேர்ந்து டர்ஹாமைக் காட்டின. கொண்டுவந்தவர் 2010-இல் தண்டனை பெற்றார். உங்கள் நூலின் உயரத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துவையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் காணாமற்போன பக்கமெல்லாம் களவுக்கு அடையாளம் என்று முடிவு கட்டினால் அது அபாண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்களுக்குச் சுத்தமான தாள் பிடிக்கும்; பைண்டர்கள் பக்கங்களை நீரிலும் வெளுப்பானிலும் அலசி, ஓரங்களை வெட்டி, பழைய அட்டைகளைக் குப்பையில் போட்டுப் புதுத்தோல் கட்டித் தந்தார்கள். முந்தைய உடைமையாளர்களின் தடம் பலவும் அப்படி நல்லெண்ணத்தோடே அழிந்தது. அழிவைக் குற்றமாகப் பார்க்காமல் காலக்கணிப்பாகப் பாருங்கள். ஓரக்குறிப்பின் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தால், எழுதியவர் இப்போதைய பைண்டிங்குக்கு முந்தியவர். குறிப்பு வெட்டைத் தவிர்த்து வளைந்து போயிருந்தால் பிந்தியவர். புழுத்துளை அட்டையையும் அதில் ஒட்டிய சீட்டையும் ஒரே நேராகத் துளைத்திருந்தால் சீட்டு அந்தப் புழுவுக்கு மூத்தது. சீட்டு துளையை மூடியிருந்தால் இளையது. ஒரு முத்திரையின் மேல் இன்னொரு முத்திரை விழுந்திருந்தால் எது மேலே என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அலசப்பட்ட மைக்குப் புறஊதா விளக்கு உதவும்: இரும்புச்சத்து கொண்ட பழைய மை அந்த ஒளியை உறிஞ்சிக் கறுப்பாகத் தெரியும், கண்ணுக்கு மறைந்த பெயர் சில சமயம் படிக்கிற அளவுக்கு எழும்பும். தோலில் அழுத்திய எழுத்துகளுக்கு அதுகூடத் தேவையில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். இந்த வரிசைப்படுத்தல் முடியும்வரை ஒரு பெயரையும் தேடப் போகாதீர்கள். தடயங்களுக்குள் எது முன், எது பின் என்று தெரியாமல் பெயரைத் தேடினால், கிடைக்கிற முதல் பெரிய மனிதரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடத் தோன்றும்.

உடைமைச் சீட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குலச்சின்னமும் பெயரும் அச்சிட்டு உள்ளட்டையில் ஒட்டும் வழக்கம் ஜெர்மனியில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே உண்டு. அழகானவை. ஆனால் அவற்றையே தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவியில் காட்டினால் உரிந்து வந்து இன்னொரு நூலில் உட்கார்ந்துகொள்ளும். சீட்டின் விளிம்பைச் சுற்றி இன்னொரு பெரிய சீட்டின் நிழல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தமிழ் நூல்களிடம் வந்தால், பெயர் ஏமாற்றுவதற்கு உள்ளூர் வழிகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் ஆசிரியர்கள் சிலர், திருட்டுப் பதிப்பைத் தடுக்க, விற்பனைக்குப் போகும் பிரதிகளில் கையொப்பமோ முத்திரையோ இட்டார்கள். அது இல்லாத பிரதி களவுப்பிரதி என்று நூலிலேயே எச்சரிப்பும் அச்சாகும். அப்படிப்பட்ட நூலில் ஆசிரியரின் கையொப்பத்தைக் கண்டு, இது அவருடைய சொந்தப் பிரதி, அல்லது அவர் நண்பருக்குக் கொடுத்தது என்று சொல்லிவிடக் கூடாது. கையொப்பம் உண்மை, முடிவு தவறு. எத்தனை பிரதிகள் அச்சாயின என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் பதிவான நூல்களின் காலாண்டுப் பட்டியல்களில் விலையும் அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். முந்நூறு அச்சான நூலுக்கும் மூவாயிரம் அச்சான நூலுக்கும் தேடுகிற வழியே வேறு.

தேதியும் அப்படித்தான். 1890 வாக்கில் அச்சான ஒரு நூலில் ‘விகாரி வருஷம் ஆனி மாதம்’ என்று ஒருவர் எழுதிவைத்திருப்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் விகாரி 1899 சித்திரையிலும் வரும், 1959 சித்திரையிலும் வரும். எழுதியவர் நூலின் முதல் சொந்தக்காரரா, அவருடைய பேரனா என்பதை இந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. பழைய எழுத்துமுறையை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழைய லை, ணை போட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் ஏராளம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தால் 1899 போய்விட்டது. அதே கையில், அதே மையில் விலையும் இருந்தால் அதிர்ஷ்டம். எட்டணா என்று எழுதியிருப்பது உதவாது, ஐம்பது காசை எட்டணா என்று சொல்வதை நாம் சமீபம்வரை விடவில்லை. ஆனால் 1-6-0 என்று ரூபாய், அணா, பை மூன்றையும் கோடு போட்டு எழுதியிருந்தால், 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்த பிறகு அப்படிக் கணக்கு எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விகாரி 1899 ஆகிவிடுகிறது. பெயர் ஒன்றும் சொல்லாத இடத்தில் விலை பேசிவிட்டது. எழுதியவர் சுப்பிரமணியன் என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தால் அவரைக் கண்டுபிடிப்பது கடினம்தான். அருகில் ஊர்ப்பெயரோ, இரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று ஏதாவது ஊரின் கடை முத்திரையோ இருந்தால், பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டு போங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவந்த புத்தகங்களில் கடல்கடந்த முத்திரைகளுக்கு இடமுண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இயங்குகின்றன; அச்சு விவரங்களைச் சரிபார்க்க நல்ல இடம்.

நூலக நூல்கள் தனி வகை. நம் நூலகங்களில் முத்திரை தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் விழும். இதோடு, நூலகத்துக்கு நூலகம் மாறுபடும் ஒரு ‘ரகசியப் பக்கம்’ உண்டு, எல்லா நூலிலும் அதே எண்ணுள்ள பக்கத்தில் பதிவு எண்ணோ முத்திரையோ இருக்கும். தலைப்புப் பக்கம் இல்லாத புத்தகம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். முதுகில் ஒட்டிய எண்ணின் வடிவமும் பேசும். 894.811 என்று தொடங்கினால் டூயி முறையில் தமிழ் இலக்கியம். ரோமன் ஓ எழுத்தோடு 31 என்று தொடங்கினால் எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் முறை. அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933-இல் வெளியிட்டது அது. ஆகவே அந்தச் சீட்டு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு, நூலகமும் அந்த மரபைப் பின்பற்றிய ஒன்று. தேடவேண்டிய நூலகங்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது. பிறகு அந்த நூலகத்தின் பதிவேட்டில் உங்கள் எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதிவேட்டில் ‘கழிக்கப்பட்டது’ என்று இருந்தால் நூல் முறையாக வெளிவந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடம் இரண்டாகிப்போன பிரதிகளை விற்றபோது அதைச் சொல்லும் தனி முத்திரையை, 1787 என்ற ஆண்டோடு, போட்டே அனுப்பியது உண்டு. அப்படியொரு முத்திரை வாங்குபவருக்கு வரம். பதிவேட்டில் ஒன்றும் எழுதாமலிருந்தால் நிலைமை சங்கடமானது. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று சிலர் அங்கலாய்ப்பார்கள். அதில் நியாயமில்லை. தெரியாமலிருந்தாலும் நூல் நூலகத்துடையதுதான், என்றைக்காவது யாரோ அதே ரகசியப் பக்கத்தைப் புரட்டுவார். பன்னாட்டுப் பழம்நூல் வணிகர் அமைப்பு காணாமற்போன நூல்களின் பட்டியலை இணையத்தில் பராமரிக்கிறது. விலை அதிகமான நூலை வாங்குமுன் அதில் ஒருமுறை தேடுவது ஐந்து நிமிட வேலை.

கிடைத்ததை எழுதிவைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த இடம், எதனால் எழுதியது, அப்படியே என்ன எழுதியிருக்கிறது. உங்கள் முடிவை அதற்கு எதிரே தனியாக எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். டீக்கோ என்று 1971-இல் அச்சேறிய முடிவை விட்டிஷ் என்று திருத்த முடிந்ததற்கு ஒரு காரணம், குறிப்புகள் அப்படியே நிழற்படமாகப் பாதுகாக்கப்பட்டது. முடிவு தவறினாலும் பதிவு பயன்பட்டது. இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள்: ‘1899, விகாரி, பெயர் சுப்பிரமணியன், ஊர் தெரியவில்லை, 1933-க்குப் பின் கோலன் முறை நூலகம் ஒன்று, இடையில் தெரியவில்லை’ என்பது நல்ல பதிவு. இதைப் பென்சிலில், அமிலமற்ற தனித்தாளில் எழுதி நூலோடு வையுங்கள். நூலின் வெற்றுத்தாளில் எழுத வேண்டாம். எண்ணையோ முத்திரையையோ அழுக்கென்று அழிக்கவும் வேண்டாம், விற்பவர் அழித்துத் தருவதாகச் சொன்னால் அந்தப் புத்தகத்தை வாங்கவே வேண்டாம்.